ஒரே வாசலில் இரண்டு பிள்ளைகள்: ஒருத்தி "வண்ணம் வெச்சல்லோ", இன்னொருத்தி "க்ஷீணிச்சு போயி"

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

அண்ணன் குடும்பம் இங்கிலாந்தில் இருந்து ஆடி லீவுக்கு வந்திருக்கிறது. அண்ணி லண்டனில் நர்ஸ். அண்ணன் மகளுக்கு 14 வயது, என் மகளுக்கு 15. வந்த மறுநாள் காலையில் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பால் கொண்டு வரும் அக்கா அண்ணன் மகளைப் பார்த்து, "மோளே, நல்லா வண்ணம் வெச்சல்லோ" என்றார். அப்படியே என் மகள் பக்கம் திரும்பி, "இவ என்ன இப்படி க்ஷீணிச்சு போயி, அம்மா சோறு போடறதில்லையா?" என்றார். இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்தால் நாலு கிலோ வித்தியாசம் இருக்கலாம். உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்தது. மலையாளத்தில் வண்ணம் என்றால் உடம்பில் சதை போடுவது, க்ஷீணிப்பது என்றால் இளைத்துப்போவது. அண்ணன் மகளுக்குத் தமிழ் தெரியும், மலையாளம் தெரியாது. நிறம் வந்திருக்கிறது என்று சொல்கிறார்கள் போல என்று சந்தோஷமாக என்னிடம் ஓடி வந்தாள். நிறம் வந்ததற்கு ஏன் அவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசலாம். என் மகள்தான் சரியான அர்த்தத்தைச் சொன்னாள். அன்று மதியம் அண்ணன் மகள் சோறு வேண்டாம் என்றாள். இரவு பாதித் தோசை. இன்றைக்குப் பதினோராவது நாள். தட்டில் எடுத்துக்கொள்கிறாள், ஓரமாகத் தள்ளித் தள்ளி வைக்கிறாள், எழுந்து போய்விடுகிறாள்.

நேற்று இரவு அண்ணி மனசு விட்டுப் பேசினாள். 2015-ல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்களாம். மஞ்சள் பின்னணி, நீச்சலுடையில் ஒரு பெண், "கடற்கரைக்கு உங்கள் உடம்பு தயாரா?" என்று ஒரு கேள்வி. எடை குறைக்கும் பவுடர் விற்கிற கம்பெனி. 70,000 பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். விளம்பரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு, எடை குறையும் என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதை மறுபடி போடக்கூடாது என்றது. ஆனால் பெண்களை அவமானப்படுத்துகிறது என்ற புகாரை ஏற்கவில்லை. அடுத்த வருடம் லண்டன் மேயர் சாதிக் கான்தான், உடம்பைப் பற்றித் தாழ்வாக எண்ண வைக்கும் விளம்பரங்களை நகரப் பேருந்துகளிலும் ரயில்களிலும் போடக்கூடாது என்று நிறுத்தினார். 2019 பிப்ரவரியில் அதே பேருந்து, ரயில்களில் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்ட விளம்பரங்களையும் எடுத்துவிட்டார்கள்.

"அங்கே சுவரில் எழுத விடாததை இங்கே வாசலில் வந்து முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்" என்றாள் அண்ணி. எனக்குப் பதில் வரவில்லை. பால்கார அக்கா கெட்டவர் இல்லை. அண்ணன் மகள் குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்தவர்.

இங்கே இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் சொல்லுங்கள். நம் வாய்ப்பேச்சு, விளம்பரம், இரண்டில் எது பிள்ளையை அதிகம் தாக்குகிறது?

---

வேலந்தாவளம் பெரியவர் எழுதியது:

அம்மா, எனக்கு 71 வயது. "இளைச்சுப் போயிட்டியே" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சின்னவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன 1960-களில் கேரளத்தில் அரிசிக்கு அவ்வளவு பஞ்சம். ரேஷனில் அளந்து கொடுத்தார்கள். அமெரிக்கக் கோதுமை வந்தது, அதை என்ன செய்வது என்றே எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. பல நாள் கப்பைக் கிழங்கும் (மரவள்ளி) பால் இல்லாத கட்டன் சாயாவும்தான். அந்த நாளில் ஒரு பிள்ளை கன்னம் வற்றி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பார்க்கிறவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணம் கஞ்சியாவது ஊற்றுவார்கள். பூசினாற்போல இருக்கிற பிள்ளையைப் பார்த்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்று நிம்மதி. "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்போம்.

அதனால் பால்கார அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் அந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கிறார். பிள்ளை சாப்பிடவில்லை என்பது கவலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

லீட்ஸ் நர்ஸ் எழுதியது:

நான் வண்ணாமடைக்காரி. இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது.

பெரியவர் சொன்னதைப் படித்ததும் படிப்பின்போது வாசித்த ஒரு ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. ஃபிஜி தீவில் நாட்ரோகா என்ற பகுதி. அங்கேயும் நம்மைப் போலத்தான், வீட்டைக் கடந்து போகிறவர்களைப் பார்த்து "மை கானா" என்பார்கள். வா, சாப்பிடு என்று அர்த்தம். நல்ல திடகாத்திரமான உடம்புதான் அழகு. ஒருவர் மெலிந்தால் ஊரே கவலைப்படும். உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது என்பது அங்கே அரிது.

1995-ல் அந்தப் பகுதிக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற மருத்துவர் டிவி வந்த சில வாரங்களில் பள்ளிப் பெண்களிடம் கேள்விகள் கேட்டார். 1998-ல் அதே வயதுப் பெண்களிடம் மறுபடி கேட்டார். சாப்பாட்டைப் பற்றிய எண்ணம் சிக்கலாக இருந்தவர்கள் முதலில் 12.7 சதவீதம், மூன்று வருடம் கழித்து 29.2 சதவீதம். எடை குறைய வேண்டும் என்று தானே வாந்தி எடுத்தவர்கள் முதலில் ஒருவர்கூட இல்லை, பிறகு 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பெண்கள்தான், சின்ன ஆராய்ச்சி. ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை என்னால் மறக்க முடியவில்லை. மெலிந்தால் கவலைப்படுகிற ஊர், "வா சாப்பிடு" என்று கூப்பிடுகிற ஊர். அந்த அன்பு அந்தப் பெண்களுக்கு அரணாக நிற்கவில்லை.

அதனால் அக்கா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தோன்றுவது இது. இரண்டும் சேரும் இடத்தில்தான் பிள்ளை மாட்டிக்கொள்கிறாள். செல்போன் அவளுக்கு ஒரு அளவைக் காட்டி வைத்திருக்கிறது. பால்கார அக்கா சொன்ன வார்த்தையை அந்த அளவின் மேல் வைத்து அவள் அளந்துகொண்டாள். பெரியவர் காலத்தில் அதே வார்த்தை கஞ்சிக் கிண்ணத்தில் போய் முடிந்தது.

இங்கிலாந்தில் 2026 ஜனவரி 5 முதல் ஆரோக்கியக் குறைவான பண்டங்களை இரவு 9 மணிக்கு முன்னால் டிவியில் விளம்பரம் செய்யக்கூடாது. இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் எந்த நேரத்திலும் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் பண்டத்தைக் காட்டாமல் கம்பெனிப் பெயரை மட்டும் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். எங்கள் பையன் அந்த நிறத்தையும் எழுத்தையும் பார்த்தாலே எந்தக் கடை என்று சொல்லிவிடுவான். பண்டம் எதற்கு?

---

ஷார்ஜாவில் இருந்து திரும்பியவன் எழுதியது:

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆண்கள் கதையும் உண்டு, நான் சொல்கிறேன்.

நான் 19 வருடம் வளைகுடாவில் இருந்தேன். முதல் ஏழு வருடம் கேம்ப் வாழ்க்கை. ஒரு அறையில் எட்டுப் பேர். குபூஸும் பருப்பும், வெள்ளிக்கிழமை மட்டும் கோழி. வெயிலில் கட்டட வேலை. உடம்பில் என்ன மிஞ்சும்? முதல் லீவுக்கு வந்தபோது எங்கள் அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். ஊர்க்காரர்கள் சொன்னதுதான் வலித்தது. "என்னப்பா, கல்ஃப்ல இருந்து வந்த மாதிரியே இல்லையே." வளைகுடாவில் இருந்து வருகிறவன் தொப்பையோடு வர வேண்டும். சென்ட் வாசனை, தங்கச் செயின், தொப்பை, மூன்றும் இருந்தால்தான் சம்பாதித்தான் என்று நம்புவார்கள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒல்லியாக வந்தால் அங்கே நிலைமை சரியில்லை என்று பேச்சு வரும்.

அடுத்த லீவுக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்தேன். தினமும் இரவு பாதாம் பாலும், நெய் ஊற்றிய சோறும், கலர் பாட்டிலும். சக தொழிலாளிகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நான் ஒருவன் மட்டும் இல்லை. ஊருக்குக் காட்டுவதற்காக உடம்பு வளர்த்தோம். ஊரில் வந்து இறங்கியபோது "இப்பத்தான் ஆளு நல்லா இருக்கான்" என்றார்கள். இன்று எனக்குச் சர்க்கரை நோய். எல்லாம் அதனால்தான் என்று சொல்ல மாட்டேன், அப்பாவுக்கும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு மாதங்கள் ஒவ்வொரு லீவுக்கும் திரும்பத் திரும்ப வந்தன.

எமிரேட்ஸில் 2017 அக்டோபரில் கலர் பானங்களுக்கு 50 சதவீதமும், எனர்ஜி டிரிங்குக்கு 100 சதவீதமும் வரி போட்டார்கள். விலை ஏறியதும்தான் நான் அந்தப் பாட்டிலை விட்டேன். டாக்டர் சொல்லிக் கேட்காதவன் விலைக்குக் கேட்டேன்.

இப்போது எங்கள் ரோட்டில் குழிமந்தி, அல்ஃபாம் என்று அரபுச் சாப்பாட்டுக் கடை போர்டுகள். நாங்கள் அங்கே வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்த தட்டுகள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு அங்கேதான் போக வேண்டும் என்கிறார்கள். கூட்டிப் போகிறேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

---

மீனாட்சிபுரம் வாத்தியார் எழுதியது:

ஷார்ஜா அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

கேரள அரசு 2016 பட்ஜெட்டில் பர்கர், பீட்சா விற்கிற பெரிய பிராண்டு கடைகளுக்கு 14.5 சதவீத வரி போட்டது நினைவிருக்கிறதா? கொழுப்பு வரி என்றார்கள். நிதி மந்திரி தாமஸ் ஐசக் கொண்டு வந்தார். அடுத்த வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அப்போது அப்படிப்பட்ட கடையே கிடையாது. பொறித்த பண்டமெல்லாம் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில்தான் இருந்தது, பாக்கெட் பண்டம் பெட்டிக்கடையில் தொங்கியது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும்.

நான் சொல்ல வந்தது ஹார்லிக்ஸ் பற்றி. ஒரே பாட்டில் ஊருக்கு ஊர் வேறு வேறு ஆளாகிவிடும். பிரிட்டனில் அது ராத்திரி தூங்கப் போகும் முன் வயதானவர்கள் குடிக்கிற பானம். இங்கே வந்ததும் பிள்ளை உயரமாக வளர, பலமாக, புத்திசாலியாக ஆக என்று விளம்பரம். 2008-ல் நம் பக்கத்து நாடுகளுக்காக எடுத்த அந்த விளம்பரம் தெற்காசியர்கள் பார்க்கும் சேனல் வழியாகப் பிரிட்டனிலும் ஓடிவிட்டது. அங்கே உள்ள விளம்பரத் தர அமைப்பு, இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை என்று தடுத்தது. அந்த நாட்டுக் குழந்தைக்குச் சொல்லக் கூடாத பொய்யை நம் குழந்தைக்கு மட்டும் எப்படிச் சொல்லலாம்? இந்தியாவில் "ஹெல்த் டிரிங்க்" என்ற வகைப்பெயரை இணையக் கடைகளில் இருந்து எடுக்கச் சொல்லி மத்திய அரசு அறிவுரை கொடுத்தது 2024 ஏப்ரலில்தான்.

கனடாவில் கியூபெக் மாகாணம் 1980-லேயே 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தையே தடை செய்துவிட்டது. பொம்மைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது. 1989-ல் உச்ச நீதிமன்றம், சின்னக் குழந்தைக்கு விளம்பரம் எது, உண்மை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று சட்டத்தின் பக்கம் நின்றது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த புலிப் படத்தைக்கூட எடுக்க வைத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தக் கறுப்பு முத்திரை புரியும். நம் பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதை எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பாடமாகவே வைத்தேன். 22 பேரில் மூன்று பேர்தான் சர்க்கரை எவ்வளவு என்று கண்டுபிடித்தார்கள்.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜிம்முக்குப் போகிறேன் என்று மதியம் முட்டை வெள்ளைக்கரு மட்டும் கொண்டு வருகிறான். அப்பா கூலி வேலை. புரோட்டீன் பவுடர் வாங்கக் காசு கேட்டு வீட்டில் சண்டை. யாரோ அவனை "எலும்பன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னது அவன் மாமா.

---

உணவியல் படித்தவள் எழுதியது:

எல்லோர் பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் பயத்தோடு எழுதுகிறேன். உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019–21-ல், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். கேரளத்தில் 38.1. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கதை. நம் உடம்பில் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது, அதனால் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் வெள்ளைக்காரர்களுக்கு 25 என்று வைத்திருக்கும் எல்லை நமக்கு 23. இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. இது சர்க்கரை வருமா என்று பார்க்கும் கணக்கு. கிளினிக்கில் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய கணக்கு. ஜப்பானில் 2008 முதல் 40-லிருந்து 74 வயது வரை உள்ளவர்களுக்கு இடுப்பை அளந்து பார்ப்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அளப்பது பரிசோதனையில், அதிகமாக இருந்தால் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்.

இந்தக் கணக்கு எதுவும் வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பருவ வயதில் உடம்பு கொஞ்சம் சதை சேர்க்கும், பெண்ணுக்கு அது இயல்பு. அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு.

கொழிஞ்சாம்பாறை அக்கா, நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்தப் பதினொரு நாள். தட்டில் ஓரம் தள்ளுவது, எல்லோரும் சாப்பிடும்போது எழுந்து போவது, இதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். தலைசுற்றல் இருக்கிறதா, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா, சாப்பிட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்துகிறாளா, குளிர் தாங்காமல் போர்த்திக்கொள்கிறாளா என்று அண்ணி கவனிக்கட்டும். லண்டனிலேயே இது ஆரம்பித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பால்கார அக்கா வார்த்தை கடைசி வார்த்தையாக இருந்திருக்கலாம். 14416-ல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. நேரில் டாக்டரைப் பார்ப்பது அதைவிட நல்லது. ஆடி மாதத்து மருந்துக் கஞ்சியான கர்க்கடகக் கஞ்சி போட்டுத் தேற்றிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கஞ்சி நல்லதுதான், அது மட்டும் போதாது.

---

வேலந்தாவளம் பெரியவர் எழுதியது:

படித்தேன். "அரணாக நிற்கவில்லை" என்று லீட்ஸ் பெண் எழுதியதை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். என் பேத்தியை நான் "தடிச்சி" என்றுதான் கூப்பிடுவேன், செல்லமாக. அவளுக்கு 12 வயது. பிடிக்கிறதா என்று இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பேரைச் சொல்லியே கூப்பிடுங்க தாத்தா என்றாள்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வீட்டில் பேசவே நேரம் சரியாக இருந்தது.

உணவியல் தங்கை சொன்னது சரிதான். அண்ணி உட்கார வைத்து மெதுவாகக் கேட்டிருக்கிறாள். போன மார்கழியில் இருந்தே பிள்ளை பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரி வீடியோ பார்க்கிறார்கள், ஒரு நாளில் என்னென்ன சாப்பிட்டேன் என்று காட்டுகிற வீடியோ. அதில் வருகிற பெண் காலை முழுக்க ஒரு ஆப்பிளோடு இருக்கிறாளாம். "ஊருக்குப் போனா யாருக்கும் இதெல்லாம் தெரியாது, அப்பத்தா வீட்டுல நல்லா சாப்பிடலாம்னு நினைச்சேன்" என்று சொல்லி அழுதிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இந்த நோயெல்லாம் புரியாது என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சோறு முன்னாடி இருந்தும் திங்க முடியாத நோவா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பால்கார அக்கா வந்ததும் அவரைத் தனியாக மாட்டுத்தொழுவம் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. அக்கா போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு தினமும் வருகிறார், இரண்டு பிள்ளைகளிடமும் படிப்பைப் பற்றியும் கன்னுக்குட்டியைப் பற்றியும்தான் கேட்கிறார்.

பிள்ளை இன்னும் மதியச் சோறு தொடவில்லை. காலையில் என் மகளோடு சேர்ந்து ஒரு இட்லி, ஒன்றரை இட்லி. யாரும் எண்ணக் கூடாது என்று அண்ணி சொல்லியிருக்கிறாள், நான்தான் எண்ணிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பாலக்காட்டில் டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறோம். அண்ணி, பிள்ளை, நான். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அங்கே போய் அவள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று அண்ணன் கவலைப்படுகிறான். பிள்ளையோ, அப்பத்தா வந்தால்தான் நானும் வருவேன் என்கிறாள்.